நீரைத் தூய்மையாக்கும் சிப்பி

கோழிக்கோட்டிலும் கண்ணூரிலும் குடியேறியுள்ள தமிழன்பர்களுக்குக் 'கல்லுமக்காய்' என்னும் பெயர் புதியதன்று. கடலோரப் பாறைகளில் கொத்துக் கொத்தாக ஒட்டி வளரும் பச்சை நிறச் சிப்பி அது. அதன் இனத்தைச் சேர்ந்த சிப்பிகளை வளர்த்து, அழுக்கடைந்த கடல்நீரைத் தூய்மை செய்யலாமா என்று பல நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகின்றனர். அம்முயற்சியின் பயனையும் எல்லையையும் இன்று எடுத்துக் கூற விரும்புகிறேன்.

கடல் எவ்வாறு கெடுகிறது? நகரங்களின் சாக்கடை நீரும், பயிர் உண்டது போக எஞ்சிய உரமும் ஆறுகளின் வழியே கடலைச் சேருகின்றன. அவற்றிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் வயலில் நெல்லை வளர்ப்பது போலவே கடலில் நுண்பாசிகளை வளர்க்கின்றன. பாசி அளவு மீறிப் பெருகுகிறது; நீர் கலங்குகிறது. பின்னர் அப்பாசி மடிந்து அழுகும்போது, நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைந்துவிடுகிறது. மீனும் நண்டும் மூச்சுக்கு வழியின்றி மடிகின்றன.

இவ்விடத்தில்தான் சிப்பி நமக்குத் துணையாகிறது. அது நீரை உள்ளிழுத்து, செவுள்களால் வடிகட்டி, பாசியை உண்டு, தெளிந்த நீரை வெளியே விடுகிறது. நன்கு வளர்ந்த சிப்பி ஒன்று மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் நீரை இவ்வாறு வடிகட்ட வல்லது. அதற்கு நாம் தீனி இடவேண்டியதில்லை. ஐரோப்பியக் கடல்களில் கயிறுகளைத் தொங்கவிட்டால் குஞ்சுகள் தாமே வந்து ஒட்டிக்கொள்கின்றன. வளர்ந்த சிப்பியைக் கரையேற்றும்போது, டன் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ நைட்ரஜனும் உடன் கரையேறிவிடுகிறது.

டென்மார்க் நாட்டின் ஸ்கீவ் கடற்கழியில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் இதனைப் பெரிய அளவில் சோதித்தனர். 18.8 ஹெக்டேர் பரப்பில் ஏறத்தாழ 1,100 டன் சிப்பி கிடைத்தது. ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு 600 முதல் 900 கிலோ வரை நைட்ரஜனை அகற்றலாம் என்று கணக்கிட்டனர். அதற்கு முன்பே, 2005ஆம் ஆண்டில், ஸ்வீடனின் மேற்குக் கரையிலுள்ள லீசெஷில் என்னும் சிற்றூரின் நகராட்சி ஒரு புதுமையைச் செய்தது. சாக்கடை நீரிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கத் தனி அமைப்பைக் கட்டுவதற்குப் பதிலாக, சிப்பி வளர்ப்போருக்குப் பணம் கொடுத்து அவ்வேலையைச் செய்வித்தது. அவ்வேற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை. எனினும், நீரைத் தூய்மை செய்வது கூலிக்கு உரிய தொழில் என்னும் கருத்தை அது உலகிற்குக் காட்டியது.

இனி, எல்லையைக் காண்போம். சிப்பி உண்பது அனைத்தும் அதன் உடலாகிவிடுவதில்லை. கழிவு கீழே விழுந்து படிகிறது. நீரோட்டம் குறைந்த இடமாயின் அடித்தளமே அழுகிக் கெடும். ஆகவே, சிப்பியை வளர்த்தால் மட்டும் போதாது. உரிய காலத்தில் வெளியே எடுத்தாக வேண்டும்.

எடுத்த சிப்பியை என் செய்வது? சாக்கடை நீரின் கிருமிகளும், ஆலைக் கழிவின் உலோகங்களும் சிப்பியின் உடலில் சேர்ந்துவிடுகின்றன. நியூயார்க் நகரில், பிராங்க்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில், 2011ஆம் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள், 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள மிதவையில் சிப்பி வளர்த்தனர். அத்தகைய மிதவை முழுதும் நிரம்பினால், நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேல் நீரை வடிகட்டும் என்று மதிப்பிட்டனர். அங்கு அவர்கள் தேர்ந்தது மக்கள் வழக்கமாக உண்ணாத சிப்பி வகை. துணி துவைக்கும் கல்லின்மீது இலை போட்டு உண்பார் உண்டோ? கேரளத்தில், காசர்கோடு மாவட்டத்தின் படன்ன உப்பங்கழியில் கயிற்றில் சிப்பி வளர்த்துப் பிழைக்கும் மகளிர் குழுக்களின் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்கள் வளர்ப்பது உணவுச் சிப்பி. அது நீரைத் தூய்மையாக்கும் என்று எண்ணி அங்கே கழிவை விட்டால், அவர்களது பிழைப்பே அழியும்.

எளிய கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு மனிதரின் கழிவில் ஆண்டுக்கு நான்கு, ஐந்து கிலோ நைட்ரஜன் உண்டு. ஒரு டன் சிப்பி இரண்டு மனிதருக்கே ஈடாகும்! ஓர் இலட்சம் மக்கள் வாழும் ஊருக்கு, டென்மார்க்கின் கணக்குப்படி, ஏறத்தாழ 450 முதல் 830 ஹெக்டேர் வரை சிப்பிப் பண்ணை வேண்டும். மும்பையில் மாஹிம் கழியின் ஓரம் வாழும் நம்மவர் அறிவர், அங்கு வந்து சேரும் சாக்கடை எத்தனை இலட்சம் மக்களுடையது என்று.

ஆகவே நேயர்களே, சாக்கடையைச் சுத்திகரித்த பின்னரே கடலில் விடுவதுதான் முதற்கடமை. அதன் பின்னும் தப்பி வருவதை, வயல்களிலிருந்து கசிந்து வருவதை, வடிகட்டித் தரச் சிப்பி சிறந்த துணை. குழாய் வைத்துத் தடுக்க முடியாத அந்தக் கசிவுக்கு அதைவிட எளிய வழி அரிது. நாம் செய்யவேண்டிய வேலையை நாம் முடித்த பின், எஞ்சியதை அதனிடம் ஒப்படைப்போம். அதுவே அச்சிற்றுயிருக்கும் கடலுக்கும் நாம் செய்யும் நியாயம்.