விளையாட்டரங்கில் ஒரு கமராக் கலைஞர்



விளையாட்டுப் போட்டிகளின் நேர்முக வர்ணனையை வானொலியிற் கேட்டு மகிழ்ந்தவர்கள் நம்மிற் பலர். வர்ணனையாளரின் குரல் உயரும்போது நமது நெஞ்சும் விம்முகிறது. ஆயினும், நடந்ததைக் கண்ணாற் காணவேண்டும் என்னும் ஆவல் மட்டும் தணிவதில்லை. மறுநாட் காலையிற் பத்திரிகையைப் பிரித்ததும் நமது கண் முதலில் நாடுவது செய்தியை அன்று, படத்தையே. அந்தப் படத்தை எடுத்தவர் யார், எந்த ஆசை அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய ஒருவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் அமெரிக்கரான நீல் லைபர்.

1942ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆந் திகதி பிறந்த லைபர், நியூயோர்க் நகரில் எளிய குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த கீழ்க்கிழக்குப் பகுதியில் வளர்ந்தவர். அங்கிருந்த ஹென்றி ஸ்ட்ரீற் செற்றில்மன்ற் என்னும் சமூக சேவை நிலையத்தின் புகைப்படக் கழகத்திலேதான் சிறுவன் லைபருக்குக் கமரா பழக்கமாயிற்று. விளையாட்டிலோ அவனுக்குத் தீராத மோகம். ஆனால், நுழைவுச்சீட்டு வாங்கப் பணம் வேண்டுமே! அதற்கும் அவன் ஒரு வழி கண்டான். போரிலே ஊனமுற்ற படைவீரர்கள் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து யாங்கி விளையாட்டரங்கிற்கு வருவதுண்டு. அந்த நாற்காலிகளைத் தள்ளி உதவுபவர்களுக்கும் உள்ளே இடம் கிடைக்கும். லைபர் நாற்காலி தள்ளினான். அரங்கத்தின் கதவு அவனுக்குத் திறந்தது.

1958ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆந் திகதி. அன்று அவனுக்குப் பதினாறு வயது நிறைவடைந்த நாள். அமெரிக்க முறை உதைபந்தாட்டத்தின் இறுதிப் போட்டியில் போல்ட்டிமோர் அணியும் நியூயோர்க் அணியும் மோதின. பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம் அது. குறித்த நேரம் முடிந்தபோது இரு அணிகளும் தலைக்குப் பதினேழு புள்ளிகள் பெற்றுச் சமநிலையில் நின்றமையால், மேலதிக நேரம் வழங்கப்பட்டது. காவலர்களுக்குக் கோப்பி கொண்டுவந்து கொடுத்து அவர்களின் நல்லெண்ணத்தைப் பெற்றிருந்த அச்சிறுவன், எல்லைக்கோட்டின் அருகே போய் நின்றான். தூரத்தை அண்மையாக்கும் நீண்ட வில்லை எதுவும் அவனிடம் இல்லை. ஆனால் போல்ட்டிமோர் வீரர் அலன் அமீச்சி, வெற்றிப் புள்ளிகளைப் பெறுவதற்காக அவன் நின்ற திசையை நோக்கியே பாய்ந்து வந்தார். கமராவின் கண் இமைத்தது. வீரரோடு, மங்கிய மாலைப்பொழுதும் அரங்கத்தின் விளக்கொளியும் சேர்ந்தே அப்படத்திற் பதிந்தன. வறுமை குறையாக நின்ற இடத்திலேயே படத்திற்கு நிறைவு வந்து சேர்ந்தது!

இதனை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாமா? விளையாட்டுப் படக்காரனுக்கு அதிர்ஷ்டம் வேண்டும் என்பதை லைபரே மறுத்தவரல்லர். ஆனால், அதிர்ஷ்டம் வந்து வாய்க்கும் வேளையிலே அதைத் தவறவிடாதவனே சிறந்தவன் என்பது அவருடைய கருத்து.

அக்கருத்துக்குச் சான்றாக அமைந்தது, 1965ஆம் ஆண்டு மே 25ஆந் திகதி மேய்ன் மாநிலத்தின் லூயிஸ்ரன் என்னும் சிற்றூரில் நடைபெற்ற உலகக் குத்துச்சண்டைப் போட்டி. முதலாவது சுற்றிலேயே முகம்மது அலியின் அடிபட்டுச் சொனி லிஸ்டன் வீழ்ந்தார். வீழ்ந்தவரின் மேலே நின்று, கையை மடக்கி, எழுந்து போராடுமாறு அலி ஆர்ப்பரித்தார். அக்காட்சி லைபரின் நேரெதிரே நிகழ்ந்தது. அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. மேடைக்கு மேலே பொருத்தப்பட்டிருந்த மின்னொளி விளக்குகள் ஒருமுறை ஒளிர்ந்தால், மீண்டும் ஆற்றல் பெறச் சில வினாடிகள் செல்லும். ஆகவே, அவசரப்பட்டு முன்னரே விசையை அழுத்தியிருந்தால் அந்தக் கணம் கை நழுவிப் போயிருக்கும். அவர் பொறுத்திருந்தார், உரிய நேரத்தில் அழுத்தினார்.

அந்தப் படத்திலே இன்னொரு மனிதரும் இருக்கிறார். அலியின் கால்களுக்கிடையே, மேடையின் எதிர்ப்புறத்தில், கமராவுடன் ஒருவர் தெரிகிறார். அவர் ஹேர்ப் ஷார்ப்மன் என்னும் அனுபவமிக்க புகைப்படக்காரர். அவருக்குக் கிடைத்ததோ அலியின் முதுகுதான். திறமையில் அவர் குறைந்தவரல்லர். நின்ற இடம் மாறிவிட்டது, அவ்வளவே. புகழ் பெற்ற படமொன்று, புகழ் தவறிய சக கலைஞனையும் தன்னுள்ளே தாங்கி நிற்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

மேலும் ஒன்று. லிஸ்டனை வீழ்த்திய அந்த அடியைத் தாம் காணவில்லை என்று பலர் கூறினர். அதுபற்றிய சர்ச்சை பல ஆண்டுகள் நீடித்தது. லைபரின் படமும் அதற்குத் தீர்ப்புக் கூறவில்லை. அடி விழுந்த பின்னரே அப்படம் பிறந்தது. ஒரு கணத்தின் உண்மையை மட்டுமே கமரா கூறவல்லது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை அது அறியாது. தன் கலையின் இந்த எல்லையை உணர்ந்தவனே உண்மையான கலைஞன்.

ஆயினும், லைபருக்குத் தாம் எடுத்தவற்றுள் மிகவும் உகந்த படம் அதுவன்று. 1966ஆம் ஆண்டு நவெம்பர் 14ஆந் திகதி, ஹியூஸ்ரன் நகரத்து அஸ்ற்றோடோம் அரங்கிலே அலி, கிளீவ்லண்ட் வில்லியம்ஸ் என்பவரைத் தோற்கடித்தார். மேடைக்கு மேலே ஏறத்தாழ எண்பதடி உயரத்தில் ஒரு கமராவை முன்கூட்டியே பொருத்திவைத்த லைபர், கீழேயிருந்து அதனை இயக்கினார். வானத்துப் பறவையின் பார்வையிலே சதுரமான வெண்மேடை. ஒரு மூலையில் மல்லாந்து கிடக்கும் வில்லியம்ஸ். எதிர்ப்புறத்திற் கைகளை உயர்த்தி நடந்து செல்லும் அலி. அங்கே வென்றவரின் முகமும் பெரிதாகத் தெரியவில்லை. தோற்றவரின் முகமும் தெரியவில்லை. வெற்றியும் தோல்வியும் ஒரே சதுரத்துள் அடங்கிக் கிடக்கின்றன. இங்கே அதிர்ஷ்டத்தின் பங்கு சிறிது. எண்ணமும் ஆயத்தமுமே பெரிது.

நேயர்களே, சீட்டு வாங்க வசதியற்ற சிறுவன் ஒருவன், போட்டியை மிக அருகே நின்று காணவேண்டும் என்று ஆசைப்பட்டான். அவ்வாசையே அவனுடைய கலைக்கு ஊற்றாயிற்று. பிற்காலத்தில், அரங்கிற்குச் செல்ல இயலாத கோடிக்கணக்கானோர் அவன் நின்ற இடத்தில் நின்று அவன் கண்டதைக் கண்டனர். தனக்குக் கிடைக்காத இருக்கையை ஊருக்கெல்லாம் வழங்கியவன் அவன். நாளைக் காலை பத்திரிகையில் ஒரு விளையாட்டுப் படத்தைக் காணும்போது, அதன் ஓரத்திற் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பெயரையும் ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.