எத்தனை பேர் போகலாம், யார் சுமப்பது?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



காட்டுக்குள் நடக்கப் போகிறவர்களுக்கான அனுமதி விதிகளைப் பற்றி ஒரு தலித் கூட்டத்தில் எதுக்குப் பேசணும் என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நடை என்பது நமக்கு ஒருநாளும் வெறும் நடையாக இருந்ததில்லை. 1893இல் அய்யன்காளி வில்லுவண்டி பூட்டிக்கொண்டு பொதுப்பாதையில் போனதே ஒரு போராட்டம். 1924இல் வைக்கத்தில் கேட்டது கோயிலுக்குள் போகிற உரிமையைக்கூட அல்ல, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கிற உரிமையை. எந்தப் பாதையில் யார் போகலாம் என்று யாரோ எழுதி வைத்த பலகையைப் பார்த்தால் நமக்கு உடம்பு கூசும். அதனால் காட்டு வாசலில் 'அனுமதியின்றி நுழையாதே' என்று ஒரு பலகை இருந்தால், இது யார் வைத்த பலகை, எதுக்கு வைத்த பலகை என்று கேட்கிற தகுதி மற்றவர்களைவிட நமக்குக் கூடுதலாகவே இருக்கு. ஆனால் கேட்டுவிட்டுப் பதிலையும் பொறுமையாகக் கேட்கணும். எல்லாப் பலகையும் தீண்டல் பலகை அல்ல. எது நியாயமான எல்லை, எது விலக்கி வைக்கிற தந்திரம் என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பேச்சு.

இந்த விதிகள் விரிவாக எழுதப்பட்டு, ரொம்ப காலமாக நடைமுறையில் இருக்கிற ஓரிடத்திலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர். அங்கேதான் யோசெமிட்டி தேசியப் பூங்கா இருக்கு. அதன் உள்காட்டில் இரவு தங்கி நடக்க வேண்டுமானால் பர்மிட் வாங்கணும். பாதை தொடங்குகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கோட்டா உண்டு. ஒரு குழுவில் 15 பேருக்கு மேல் போக முடியாது. போட்ட பாதையை விட்டு விலகி நடக்கிற குழு என்றால் 8 பேர்தான்.

ஏன் 15, ஏன் 8? போட்ட பாதையில் போகிறவர்களின் கால்கள் ஏற்கனவே இறுகிப்போன மண்ணில் விழுகின்றன. பாதை இல்லாத புல்வெளியில் ஒவ்வொரு காலும் புதிய செடியை மிதிக்கிறது. அந்த உயரத்தில் வருஷத்தில் சில வாரங்கள்தான் செடி வளரும். மிதிபட்டது தேறி வர ஆண்டுகள் ஆகும். முப்பது பேர் ஒரே இடத்தில் கூடாரம் போட்டால் இடம் அகலும், அடுப்பு கூடும், தண்ணீர் ஓரம் சேறாகும், விலங்கு ஒதுங்கிப்போகும். ஆகவே இந்த எண்ணிக்கை ஆளைப் பார்த்து வைத்ததல்ல, மண்ணைப் பார்த்து வைத்தது. இதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை.

சரி, அந்தக் குறைந்த இடங்களை யாருக்குக் கொடுப்பது? நான் பாங்க் கவுண்டரில் உட்கார்கிற ஆள், வரிசையைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். டோக்கனுக்கு ஜாதி தெரியாது. பண்ணையார் கையில் 42 இருந்து கூலிக்காரர் கையில் 41 இருந்தால் முதலில் 41தான். ஆனால் டோக்கன் கொடுக்கிறவனுக்கு ஜாதி தெரியும், அங்கேதான் கண் வைக்கணும். யோசெமிட்டியில் 60 சதவீத இடங்களை 24 வாரத்துக்கு முன்பே குலுக்கலில் கொடுக்கிறார்கள். மீதி 40 சதவீதத்தை ஏழு நாளைக்கு முன்னால்தான் திறக்கிறார்கள். நம்ம ரயிலில் முன்பதிவும் தட்காலும் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தட்காலுக்கு இருக்கிற கூடுதல் கட்டணம் இல்லாமல். ஆறு மாதம் முன்னால் லீவு சொல்ல முடிகிறவன் யார், அடுத்த வாரம் வேலை இருக்குமா என்றே தெரியாதவன் யார் என்று யோசித்தால் அந்த 40 சதவீதத்தின் அருமை தெரியும். குலுக்கலில் கிடைக்கும் பர்மிட்டுக்கு விண்ணப்பத்துக்கு 10 டாலர், ஆளுக்கு 5 டாலர். அங்கேயே ஹாஃப் டோம் என்றொரு பாறை மலை. கம்பிவடம் பிடித்து ஏறணும். நெரிசலும் விபத்தும் பெருகியதால் 2010இல் பர்மிட் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு நாளைக்கு 300 பேர், அதுவும் குலுக்கல்தான். ஏலம் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏலம் விட்டிருந்தால் மண்ணுக்கு மிதி குறைந்திருக்கும், ஆனால் மலை பணக்காரன் தோட்டமாகியிருக்கும்.

அதே மலைத்தொடரில் விட்னி என்றொரு சிகரம், 4,421 மீட்டர். மே முதல் தேதியிலிருந்து நவம்பர் முதல் தேதிவரை ஒரு நாளைக்கு, அன்றே திரும்புகிறவர்கள் 100 பேர், இரவு தங்குகிறவர்கள் 60 பேர். இங்கே இன்னொரு விதி இருக்கு. அதைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போகிற ஒவ்வொருவரும் தன் மலத்தைத் தானே பையில் கட்டி, தன் முதுகிலேயே கீழே கொண்டுவரணும். முன்பு அந்தப் பாதையில் கழிப்பறைகள் இருந்தன. அந்தக் குளிரிலும் பாறையிலும் மலம் மக்காது. ஊழியர்கள் அள்ளி வைக்க, ஹெலிகாப்டரில் இறக்கினார்கள். 2006-07 வாக்கில் கழிப்பறைகளையே எடுத்துவிட்டார்கள். டாக்டராக இருந்தாலும் கம்பெனி முதலாளியாக இருந்தாலும் அவனவன் பை அவனவன் முதுகில்.

தோழர்களே, நம்ம நாட்டில் மலத்தை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொன்று வந்தது. அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகிறவன் யார் என்று நமக்குத் தெரியும். திருவிழாவுக்கும் கிரிவலத்துக்கும் லட்சம் பேர் போய் வந்த மறுநாள் காலையில் அந்தப் பாதையில் குனிந்து நிற்கிற முதுகு யாருடையது என்றும் தெரியும். இயற்கையை நேசிக்கிறேன் என்று சொல்கிறவனிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: உன் பையை யார் தூக்குறது?

இந்தக் கேள்வி நம்மை பெரு நாட்டுக்குக் கொண்டுபோகும். மாச்சு பிச்சுவுக்குப் போகிற இன்கா பாதை சுமார் 43 கிலோமீட்டர், நான்கு நாள் நடை. அங்கே ஒரு நாளைக்கு 500 பேர்தான். ஆனால் அந்த 500இல் சுற்றுலா வருகிறவர்கள் சுமார் 200 பேர் மட்டுமே. மீதி வழிகாட்டிகள், சமையல்காரர்கள், சுமைதூக்கிகள். கூடாரத்தையும் அடுப்பையும் அரிசியையும் முதுகில் சுமந்துகொண்டு, சுமக்காமல் வருகிறவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து சோறாக்கி வைக்கிறவர்கள். பெரும்பாலும் கெச்சுவா பேசுகிற ஏழை விவசாயிகள். 2001இல் சுமைதூக்கிகளுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். ஒருவர் தூக்கும் சுமை 20 கிலோவுக்கு மேல் போகக்கூடாது; பாதை தொடங்குகிற இடத்தில் தராசு வைத்து நிறுக்கணும். சட்டத்தை மீறுவதும் நடக்கிறது, சுமைதூக்கிகள் சங்கம் வைத்து இன்றும் போராட வேண்டியிருக்கு. ஆனாலும் இரண்டு விஷயம் அங்கே எழுத்தில் இருக்கு. ஒன்று, சுமக்கிறவனும் ஒரு ஆள், அவன் காலும் மண்ணை மிதிக்கிறது, எண்ணிக்கையில் அவனும் வருவான். இரண்டு, அவன் முதுகுக்கும் ஒரு எல்லை உண்டு. காட்டுக்கு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிற விதி, மனுஷன் முதுகுக்கு எவ்வளவு தாங்கும் என்றும் கணக்குப் போடணும். போடாவிட்டால் அது பாதி விதி.

இதுவரை சொன்னது விருந்தாளிக்கான விதி. இனிமேல்தான் கஷ்டமான பகுதி வருகிறது. அமெரிக்காவின் வனாந்தரச் சட்டம் 1964 செப்டம்பரில் கையெழுத்தானது. அதே ஆண்டு ஜூலையில்தான் அதே அதிபர் ஜான்சன், கறுப்பின மக்களைப் பொது இடங்களில் ஒதுக்கி வைப்பதைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். வனாந்தரம் என்பது மனிதன் வந்து போகிற இடம், தங்குகிற இடமல்ல என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் அவானிச்சி மக்கள் எத்தனையோ தலைமுறையாகத் தங்கித்தான் இருந்தார்கள். 1851இல் தங்க வேட்டைக்காரர்களுக்காக ஒரு ஆயுதப் படை உள்ளே போய் அவர்கள் குடியிருப்புகளை எரித்துத் துரத்தியது. 1890இல் பூங்கா வந்தது. திரும்பி வந்து வாழ்ந்தவர்களை, பூங்காவில் வேலை இருக்கிறவரைதான் தங்கலாம் என்று வைத்தார்கள். 1969இல் அவர்களது கடைசிக் குடியிருப்பின் வீடுகளைத் தீயணைப்புப் பயிற்சிக்கென்று கொளுத்தி முடித்தார்கள். தன் சொந்த மண்ணில் ஒருவன் உரிமையாளனிலிருந்து வேலைக்காரன் ஆகி, வேலைக்காரனிலிருந்து பர்மிட் வாங்குகிற விருந்தாளி ஆகிறான். 2018இல்தான் அங்கே மறுபடி கிராமம் கட்டிக்கொள்ள ஒப்பந்தம் கிடைத்தது.

அனுமதி வேறு, உரிமை வேறு. அனுமதி என்பது கொடுக்கிறவன் நாளைக்குத் திரும்பவும் எடுத்துக்கொள்ளக் கூடியது.

இப்போது நம்ம பக்கம் வருவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். காய்ந்த புல், சரிவு, மேல் நோக்கி ஓடுகிற நெருப்பு. அந்த மாதத்தில் அந்தச் சரிவில் யாரையும் விட்டிருக்கக்கூடாது. அனுமதி விதி உயிரைக் காக்கிற விஷயம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பர்மிட் என்பது ஒரு பெயர்ப்பட்டியலும்கூட. மலையில் எத்தனை பேர், எந்தப் பாதையில் என்று தெரிந்தால்தான் தேடவே முடியும். அன்றைக்கு முதலில் ஓடிப்போய் எரிந்த உடம்புகளைத் துணியில் கட்டித் தூக்கி வந்தவர்கள் உள்ளூர் ஜனங்கள். அவர்கள் யாரிடமும் பர்மிட் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை.

அதற்குப் பிறகு அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்கிற திட்டமாகத் திறந்தது. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள், உள்ளூர் ஆட்களை வழிகாட்டிகளாகப் பழக்கியிருக்கிறார்கள். இதெல்லாம் நல்லது, நல்லதை நல்லது என்று சொல்லணும். ஆனால் தொடங்கியபோது சில பாதைகளுக்குத் தலைக்கு ஆயிரங்களில் கட்டணம். சேரியிலிருந்து கல்லூரிக்கு வந்த பிள்ளை தன் மாவட்டத்து மலையை எப்போது பார்ப்பது? கூட்டத்தைக் குறைக்க எண்ணிக்கை போதும், குலுக்கல் போதும், விலை எதுக்கு?

இன்னொன்றும் உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்கிறவர்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. பழங்குடி அல்லாதவர்கள் மட்டும் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததை நிரூபிக்கணும். காட்டோரத்தில் தலைமுறை தலைமுறையாக விறகும் புல்லும் நம்பி வாழ்கிற தலித் குடும்பங்களிடம் 75 ஆண்டுப் பத்திரம் எங்கே இருக்கும்? பட்டாவே இல்லாதவனிடம் பத்திரம் கேட்பதுதான் இந்த நாட்டின் பழைய வித்தை. வார இறுதிக்கு வருகிறவன் கைபேசியில் பணம் கட்டி உள்ளே போகிறான். விறகுக்குப் போகிற அம்மாவுக்கு அபராதம். அவங்க நடந்து நடந்து போட்ட பாதையில்தான் இவன் நடக்கிறான்.

ஆகவே நம் நிலைப்பாடு என்னவாக இருக்கணும்? எல்லையே வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது; காடு அழிந்தால் முதலில் தண்ணீர் இல்லாமல் போவது நம்ம தெருவுக்குத்தான். எண்ணிக்கை வைக்கட்டும், காரணத்தை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதி ஒட்டட்டும். இடத்தைப் பணத்துக்கு விற்காமல் குலுக்கிக் கொடுக்கட்டும். சுமக்கிறவரையும் சமைக்கிறவரையும் எண்ணிக்கையிலும் சம்பளத்திலும் காப்பீட்டிலும் சேர்க்கட்டும். போகிறவன் தன் குப்பையையும் மலத்தையும் தானே கொண்டுவரட்டும். அங்கே வாழ்கிறவர்களிடம் அனுமதிச் சீட்டு கேட்பதற்கு முன்னால் அவர்கள் உரிமையைப் பதிவு செய்து முடிக்கட்டும். விதி எழுதுகிற மேசையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடட்டும்.

மாணவத் தோழர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத்து மலைக்கு என்ன விதி, எத்தனை பேருக்கு அனுமதி, கட்டணம் எவ்வளவு, வழிகாட்டிக்குக் கூலி எவ்வளவு, அடிவாரத்து ஊரில் எத்தனை வன உரிமை மனு நிலுவையில் கிடக்கு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் செலவு. வருகிற பதிலை எடுத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாங்க. மீதியை அங்கே பேசுவோம்.