வள்ளத்துக்கு ஓர் ஆள்



நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரப் பள்ளியில் ஆசிரியர் வேண்டும் என்று கேட்கக் கூடியிருக்கிறோம். “நியாயம்தான், ஆனால் நம்ம ஆட்கள் எத்தனை பேர்?” என்று சற்று முன்னால் ஓர் அண்ணாச்சி கேட்டார். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் அந்தப் பக்கம், தமிழ்நாட்டோடு போயின. நம் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம், கேரளத்தில் நின்றுவிட்டது. அன்று முதல் அண்ணாச்சி கேட்ட கேள்வி நம்மோடு இருக்கிறது. பதில் அதற்கும் முன்னாலேயே, இதே தாலுகாவில், வெங்கானூரில் கிடைத்திருந்தது.

1863-ல் வெங்கானூரில் பிறந்த அய்யன்காளியை உங்களுக்குத் தெரியும். 1893-ல் புலையருக்குத் தடுக்கப்பட்ட பாதையில் வில்லுவண்டி ஓட்டிப் போனவர். 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கியவர். புலையர் வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுத்தபோது, சேர்க்கும்வரை, கூலியும் கூடும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று வேலையை நிறுத்தச் சொன்னார். நடவு நின்றது, களை ஏறியது. கூடவே குடிசைகளில் அடுப்பும் அணைந்தது. அன்றாடம் நெல் வாங்கி அன்றாடம் குத்திச் சமைக்கிற வீட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? நிலக்காரர்கள் நம்பியிருந்ததும் அந்தப் பசியைத்தான்.

அப்போது அவர் விழிஞம் கடற்கரைக்குப் போனார். மீனவர்களோடு பேசினார். வள்ளத்துக்கு ஓர் ஆள் என்று ஏற்றிக்கொள்ளுங்கள், கிடைக்கிற மீனில் ஒரு பங்கு அவனுக்குக் கொடுங்கள் என்று கேட்டார். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வயல்கூலி கூடினால் கடற்கரைக் குடும்பத்துக்கு ஒரு படி அரிசி கூடப் போவதில்லை. பிடிக்கிற மீன் அதே மீன்தான், பிரிக்கிற கைதான் கூடுதல். ஏறி வந்தவனோ சேற்றில் நின்று பழகியவன், அலையைக் கண்டால் வயிறு புரட்டும், மடிவலை இழுத்தால் கயிறு உள்ளங்கையை அறுக்கும். அப்படிப்பட்டவனுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த இடம் இல்லாவிட்டால் வேலைநிறுத்தம் பத்தே நாளில் முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். கடைசியில் கண்டல நாகம்பிள்ளை நடுவராக வந்து பேசி, கூலி உயர்வோடு முடித்துவைத்தார். பள்ளிக்கூடக் கதவு அவ்வளவு லேசாகத் திறக்கவில்லை. ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கொண்டுபோய் உட்காரவைத்ததற்குப் பள்ளியையே எரித்தார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நம் கடற்கரைத் தமிழில் ‘பங்கு’ என்றால் மீனில் வரும் பாகம். மாதா கோயிலைச் சேர்ந்த ஊர்மக்களுக்கும் பெயர் பங்குதான். எனக்கு இந்த ஒரு சொல் போதும். நோட்டீஸின் அடியில் பத்துச் சங்கங்களின் பெயரைப் போட்டுவிட்டுக் கூட்டணி என்கிறோம். அந்தப் பத்துப் பேரில் யாருடைய சுமையில் நாம் ஒரு பாகம் தூக்கியிருக்கிறோம்?

பக்கத்திலேயே ஒரு சுமை இருக்கிறது: 2004 முதல் நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் போகவில்லை. அரசுகள் பேசட்டும். அதற்காக நம் பக்கத்து விவசாயி அந்தப் பக்கத்து விவசாயியோடு ஒரு திண்ணையில் உட்காரக்கூடாது என்று யார் சொன்னது?

ஊருக்குள்ளும் இதே கதைதான். கிராமசபை நடக்க வார்டு வாக்காளர்களில் பத்தில் ஒருவர் வந்தால் போதும். அங்கே நாயர் கரையோகத்துக்காரர் தனியாக, சபைக்காரர் தனியாக, நாம் தனியாக உட்கார்ந்து அவரவர் மனுவைக் கொடுத்துவிட்டு எழுந்து போகிறோம். அடுத்தவர் மனு வாசிக்கப்படும்போது வெளியே டீ குடிக்கப் போகிறோம். நானும் போயிருக்கிறேன். இனிப் போக மாட்டேன்.

பொழியூரில் கடல் வீடுகளை எடுத்துக்கொண்டிருக்கிறது. நம் தமிழ் ஆசிரியர் மனுவில் பொழியூர்க்காரர்களிடம் கையெழுத்துக் கேட்பதற்கு முன்னால், அவர்களுடைய கடலரிப்பு மனுவில் நம் கையெழுத்து விழட்டும். வருகிற ஞாயிறு, பூசை முடிகிற நேரத்துக்கு அங்கே போய்ச் சேர வேண்டும். காலை ஏழு மணிக்கு இந்த வாசகசாலை முன்னாலிருந்து கிளம்புகிறேன். கூட வருகிறவர்கள் கை தூக்குங்கள், எண்ணிக்கொள்கிறேன்.