பிள்ளையின் காதில் விழும் சொல்

நமது தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவன் ஒருவன், ஒரு நாள் காலையில் கண் கலங்கியபடி வகுப்புக்கு வந்தான். என்னவென்று விசாரித்தோம். முதல் நாள் மாலை கடைத்தெருவில் அவன் வயதுப் பையன் ஒருவன் அவனைக் 'கெலிங்' என்று சொல்லிச் சிரித்தானாம். பக்கத்தில் நின்ற பெரியவர்களும் சேர்ந்து சிரித்தார்களாம். பிள்ளையைத் தேற்றி உட்கார வைத்தோம்.

அடுத்த வாரமே பள்ளி வேலிக்கு அப்பால் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளரைப் பார்த்து, "டேய் பங்களா!" என்று கூவினான் அதே மாணவன். அழைத்துக் கண்டித்தோம். "வீட்டில் தாத்தா அப்படித்தானே கூப்பிடுகிறார், டீச்சர்?" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அன்று நம்மிடம் அதற்குத் தக்க பதில் இல்லை.

பதில் பின்னர் ஜார்ஜ் டவுனில் கிடைத்தது. பள்ளிச் சுற்றுலாவாகப் பிள்ளைகளைப் பினாங்குக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த அந்த மாணவன் திகைத்து நின்றான். "டீச்சர், பள்ளிவாசலுக்கே திட்டுகிற பெயரா வைத்திருக்கிறார்கள்?"

நல்ல கேள்வி. 1801இல் தோன்றிய பள்ளிவாசல் அது. தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக விளங்கிய காதர் மொகிதீன் அதை எழுப்பினார். 'கப்பித்தான் கெலிங்' என்பது அவர் வகித்த பதவியின் பெயர், பெருமைக்குரிய பெயர். கலிங்க நாட்டின் பெயரிலிருந்தே 'கெலிங்' வந்தது என்பர். இந்தியக் கரையிலிருந்து வந்தவர் என்பதே அன்று அதன் பொருள். பின்னாளில் ஏளனத்தோடு சொல்லிச் சொல்லியே அதை வசையாக்கிவிட்டார்கள். எழுத்து மாறவில்லை, சொல்லுகிற தொனி மாறிற்று.

'பங்களா' என்பதும் அப்படித்தானே? அதுவும் ஒரு நாட்டின், ஒரு மொழியின் பெயர்தான். அதை வசையாக்கியவர் வரிசையில் நாமும் நிற்கிறோம். நம் பாட்டன்மார் பால் வெட்டிய நிரையில் இன்று உழைக்கிறவர் அவர். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியரை 'வங்காளி' என்கிறோம். சோறு உண்ண மறுக்கும் பிள்ளையிடம், "வங்காளி வந்து பிடித்துக்கொண்டு போவான்" என்று மிரட்டும் தாய்மாரும் நம்மிடையே உண்டு. அந்தக் கவளத்தோடு அச்சமும் உள்ளே போகிறது.

2011இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாக இருந்த 'இன்டர்லோக்' நாவலில் வந்த ஒரு சாதிச் சொல்லை எதிர்த்து நம் மக்கள் குரல் எழுப்பினார்கள். அவ்வாண்டின் இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. குரல் எழுப்பியது நியாயமே. ஆனால் அந்தச் சொல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் யார்? லயத்து வீடுகளில் சண்டை முற்றும்போது அதை வீசியவர்கள் யார்?

பிள்ளைக்கு இதெல்லாம் புரியாது என்று எண்ணவேண்டாம். 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலறிஞர் தம்பதியர், மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளிடம் நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளைக் காட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையையே நல்லது என்றன. தம் நிறத்துப் பொம்மையைக் கெட்டது என்றன. பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வும் சுட்டப்பட்டது. "கறுத்துப் போவாய், வெயிலில் ஆடாதே" என்று நாம் சொல்லும்போதும் பிள்ளை ஒரு பாடம் படிக்கிறது.

ஆகவே, பெற்றோர்களே, பிறரைக் குறிக்க இனப்பெயர் நாவில் வருமுன் அவரவர் சொந்தப் பெயரைக் கேட்டுப் பழகுங்கள். தவறிச் சொல்லிவிட்டால் பிள்ளையின் முன்னிலையிலேயே, "நான் சொன்னது தவறு" என்று திருத்திக்கொள்ளுங்கள். அதில் சிறுமை ஒன்றுமில்லை.

நம் மாணவன் அந்தத் தொழிலாளரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தான். இப்போது பெயரோடு 'அண்ணன்' சேர்த்தே அழைக்கிறான். தாத்தா மட்டும் இன்னும் பழையபடிதானாம். எண்பது வயது நாக்கைத் திருத்துவது கடினம். ஒன்பது வயது நாக்கு இன்னும் நம் பொறுப்பில்தான் இருக்கிறது.