சரக்கின் பெயரும் சேரும் ஊரும்

(பெருமாட்டியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ரயில்வே எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை)



இங்கிலாந்து வெளிநாடுகளுக்கு விற்கும் சரக்கைப் பற்றிப் பேச இவன் யார் என்று நீங்கள் எண்ணலாம். நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். பள்ளி இறுதித் தேர்வோடு என் படிப்பு முடிந்தது. ஆனால் இருபது ஆண்டுகளாக கூட்ஸ் ஆபீசில் ரயில்வே ரசீது பார்ப்பவன். முன்பு கையால் எழுதினோம், இப்போது கணினியில் அடிக்கிறோம். எதில் எழுதினாலும் கேட்பது அதே கேள்விகள்தான்: எங்கிருந்து? எந்த ஊருக்கு? என்ன சரக்கு? இவற்றுக்கு விடை தெரிந்தால் ஓர் ஊரின் பிழைப்பு தெரிந்துவிடும்.

ஒரு நாட்டின் ஏற்றுமதிக் கணக்கையும் இப்படித்தான் படிக்க வேண்டும். 24.7.2025 அன்று இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இத்தனை கோடி வியாபாரம் பெருகும் என்று பத்திரிகைகள் எழுதின. மொத்தத் தொகையைச் சொன்னால் போதுமா? என்ன சரக்கு, யார் கை செய்தது, எந்த ஊருக்குப் போகிறது என்று நாம் கேட்க வேண்டாமா? இருநூறு ஆண்டுக் கணக்கு நம் முன் கிடக்கிறது. கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

முதல் சரக்கு துணி. 1830களில் இங்கிலாந்தின் ஏற்றுமதியில் ஏறத்தாழப் பாதி பருத்தித் துணியும் நூலும்தான். 1820ல் ஐரோப்பாவுக்குப் போன துணி ஏறத்தாழ 13 கோடி கஜம். இந்தியாவுக்கும் கிழக்கு நாடுகளுக்கும் வந்தது 1 கோடி கஜத்தை ஒட்டித்தான். 1840ல் கிழக்கே வந்தது 14 கோடி கஜத்தைத் தாண்டிவிட்டது. 1913ல் மொத்தம் ஏறத்தாழ 700 கோடி கஜம் கப்பலேறியது. அதில் 300 கோடி அளவு இந்தியா ஒன்றுக்கே வந்தது.

சேரும் ஊர் ஏன் மாறியது? ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் தங்கள் ஆலைகளைக் காக்கச் சுங்கச் சுவர் எழுப்பின. சுவர் எழுப்பும் அதிகாரம் நம் கையில் இல்லை. 1882ல் இங்கே துணிக்கு இருந்த இறக்குமதி வரியே நீக்கப்பட்டது. பிறகு 1896ல் 3½ சதவீதம் வரி போட்டார்கள். போட்ட கையோடு இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3½ சதவீதம் தீர்வை விதித்தார்கள். லங்காஷயர் முதலாளிக்கு நோகக்கூடாது அல்லவா! அந்தத் தீர்வை 1925 டிசம்பர் வரை வசூலானது.

கைத்தறி அடியோடு செத்துவிட்டது என்று மேடையில் சொல்வதுண்டு. அது முழு உண்மை அல்ல. முதலில் நின்றது வீட்டில் பெண்கள் சுற்றிய ராட்டை. நெசவாளர் மான்செஸ்டர் நூலை வாங்கி நெய்து உயிரைப் பிடித்துக்கொண்டார். ஆனால் நூல் விலையை வியாபாரி வைத்தான். நெசவாளர் கடனாளி ஆனார்.

இரண்டாவது சரக்கு இரும்பு. நம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக 1862ல் ரயில் ஓடியது. தண்டவாளமும் என்ஜினும் கடல் கடந்து வந்தவை. போட்ட முதலுக்கு 5 சதவீதம் வருமானம் என்று இலண்டன் பங்குதாரருக்கு உத்தரவாதம் இருந்தது. குறைந்தால் நம் மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுத்தார்கள். 1940 வரை பல ஆயிரம் என்ஜின்கள் பிரிட்டனிலிருந்து வந்து இறங்கின. இந்தியப் பட்டறைகளில் கட்டியவை சுமார் 700தான். செய்யத் தெரியாமலா? செய்ய விடவில்லை. கூலிக் கட்டணமும் துறைமுகத்துக்குப் போகும் சரக்குக்கும் அங்கிருந்து வரும் சரக்குக்கும் சலுகையாக இருந்தது. பாதையே சரக்குக்கு ஏற்றபடி போடப்பட்டது என்பதை ரயில்வேக்காரன் நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, இயந்திரம். 1913ல் 300 கோடி கஜம் வந்தது என்றேனே, 1938ல் அது 40 கோடிக்கும் கீழே போய்விட்டது. சுதேசிக் கிளர்ச்சி ஒரு காரணம். ஜப்பானியத் துணியின் போட்டி ஒரு காரணம். இந்திய ஆலைகளின் வளர்ச்சி பெரிய காரணம். கோயமுத்தூரில் முதல் நூற்பாலை 1888ல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. நம் ஜனங்கள் அங்கே வேலைக்குப் போனார்கள். அந்த ஆலைகளில் ஓடிய கதிர்கள் பலவும் லங்காஷயரின் ஓல்டாம் நகரத்து பிளாட் கம்பெனி செய்தவை. துணி முதலாளி தோற்றபோது இயந்திர முதலாளி சம்பாதித்தான்.

அங்கே நடுத்தெருவில் நின்றது யார்? லங்காஷயர் நெசவுத் தொழிலாளி. 1931 செப்டம்பரில் காந்தி அங்கே போய் வேலை இழந்தவர்களைச் சந்தித்தார். அவர்கள் அவரை விரோதியாகப் பார்க்கவில்லை, அன்போடு வரவேற்றார்கள். இங்கே ராட்டை நின்றபோது அழுதவளும், அங்கே தறி நின்றபோது அழுதவளும் ஒரே வர்க்கம் என்பதை மறக்கக்கூடாது.

விடுதலைக்குப் பிறகு இயந்திரத்தையும் நாம் கற்றுக்கொண்டோம். 1950ல் சித்தரஞ்சனில் என்ஜின் செய்யத் தொடங்கினோம். 1962ல் கோவையில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் பிறந்தது. அதே 1962ல்தான் இந்தியாவுக்கு ஏராளமான என்ஜின்களை அனுப்பிய கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி மூடப்பட்டது. 1959 வாக்கில் பிரிட்டன் தான் விற்பதைவிட அதிகமான பருத்தித் துணியை வாங்கும் நாடாகவும் ஆகியிருந்தது.

இன்று பிரிட்டன் என்ன விற்கிறது? கார், விமான என்ஜின், மருந்து உண்டு. ஆனால் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் வேகனில் ஏற்ற முடியாத சரக்கு: வங்கி, இன்சூரன்ஸ், ஆலோசனை, படிப்பு. எங்கே விற்கிறது? 1973ல் ஐரோப்பியச் சந்தையில் சேர்ந்து, 2020ல் விலகிய பிறகும் பத்தில் நான்கு பங்கு ஐரோப்பிய யூனியனுக்குத்தான். தனி நாடுகளில் அமெரிக்கா முதலிடம். ஒரு காலத்தில் துணிக் கப்பலெல்லாம் தேடி வந்த இந்தியாவுக்கு இன்று வருவது சிறு பங்கு. பழைய உலோகக் கழிவு வருகிறது; விஸ்கி வருகிறது. 2024ல் புட்டிக் கணக்கில் ஸ்காட்ச் விஸ்கியை அதிகம் வாங்கிய நாடு நாம்தான். ஒப்பந்தப்படி அதன் வரி 150 சதவீதத்திலிருந்து முதலில் 75 ஆகும். பத்து ஆண்டில் 40 ஆகும். பதிலுக்கு நம் ஆயத்த ஆடைக்கு அங்கே சுங்கம் இல்லை.

திருப்பூருக்கு இது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லது நடக்கட்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கே பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது திருப்பூர் ஆட்டம் கண்டதே! ஒரே ஊரை நம்பிச் சரக்கு அனுப்பினால் அந்த ஊரின் கதவு சாத்தும்போது முதலில் வெளியே நிற்பவர் தையல் தொழிலாளி. இடுக்கித் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். சோவியத் யூனியன் 1991ல் உடைந்து, தேயிலை விலை பின்னர் சரிந்தது. 2000க்குப் பிறகு பீர்மேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது லயத்தில் பட்டினி கிடந்தவர்கள் யார்? நம்மவர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரசீதில் எழுதாத சரக்கு ஒன்று உண்டு. இந்தப் பெருமாட்டியில் நின்று அதைச் சொல்லாமல் போக முடியாது. 2000ல் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை வந்தது. புட்டிகள் லாரியேறிப் போயின. வற்றிய கிணறும், உரம் என்று விவசாயிக்குக் கொடுத்த கழிவுச் சேறும் இங்கே தங்கின. மக்கள் போராடினார்கள், பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. திருப்பூரிலும் பனியன் கப்பலேறியது, சாயம் நொய்யலில் தங்கியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. போகும் சரக்குக்குக் கணக்கு இருக்கிறது; தங்கும் விஷத்துக்குக் கணக்கு எழுதுவது யார்?

ஆகவே தோழர்களே, வியாபாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருநூறு ஆண்டில் சரக்கின் பெயர் மாறியது, சேரும் ஊர் மாறியது. ஒவ்வொரு மாற்றமும் முதலாளிக்கு முன்கூட்டியே தெரிந்தது; தொழிலாளிக்கு வேலை போன பிறகுதான் தெரிந்தது. இதை மாற்ற வேண்டும்.

என் கோரிக்கை எளியது. திருப்பூர், கோவை, மூணாறு என்று வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் மாதம் ஒரு முறையாவது கேட்டறிந்து சங்கத்துக்குச் சொல்லட்டும்: உங்கள் கம்பெனிச் சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது? ஆர்டர் கூடுகிறதா, குறைகிறதா? சுங்கம் நீங்கினால் மிச்சமாகும் பணத்தில் கூலிக்கு எவ்வளவு? சாயத் தண்ணீர் எங்கே போகிறது? நாம் எழுதி வைப்போம். அடுத்த கூலிப் பேச்சுவார்த்தைக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போவோம். கணக்குப் புத்தகம் இத்தனை காலம் மேசைக்கு அந்தப் பக்கம் மட்டுமே இருந்தது. இனி இந்தப் பக்கமும் ஒன்று இருக்கட்டும்.