தோணிப் பலகையும் பழம்பூச்சும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலப்பகுதியிலே அமைந்த ஊர் களுவாஞ்சிக்குடி. இக்கரையை எழுவான்கரை என்றும், வாவிக்கு அப்பால் வயல்கள் சூழ்ந்த கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். அயலூராகிய குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் துறை ஒன்றும் உண்டு. மீன் பிடிக்கவும் அக்கரை சேரவும் தோணியை நம்பியவர்களுக்குக் காலடிப் பலகையின் உறுதி உயிர்க்காவல் போன்றது. இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. எனினும், மரத்தோணி வைத்திருப்போர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு.

பழைய பூச்சின் மேலேயே புதிய பூச்சை அப்பிவிடுவது எளிது. கேடு தொடங்குவதும் அங்கேதான். பலகை கோடையிற் சுருங்கும், மாரியிற் பருக்கும். முதிர்ந்து இறுகிய பூச்சு அதற்கேற்ப நெகிழாமல் வெடிக்கும். வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கும். அந்த ஈரத்திலே பூஞ்சணம் வளர்ந்து மரத்தை உள்ளிருந்தே இற்றுப்போகச் செய்யும். பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் பலகை, நடுவாவியில் ஒருநாள் கால் வைத்தவுடன் முறியும்.

ஆகவே, பழம்பூச்சை நீக்குதல் வேண்டும். முதலில் அதன் இயல்பை அறிதல் நன்று. தார் வெயிலில் இளகும், குளிரில் இறுகும். நண்பகலிற் சுரண்டினால் அது சுரண்டியில் ஒட்டிப் பலகையெங்கும் பரவும். விடியற்காலையிற் சுரண்டினால் நொறுங்கி உதிரும். எண்ணெய்ப் பூச்சுக்கு வேறு வழி. கையுறை அணிந்து, வெந்நீரிற் கரைத்த சலவைச் சோடாவைத் தடவி, காயாதபடி ஈரச் சாக்கினால் மூடி வைக்கலாம். காரம் எண்ணெயைச் சவர்க்காரமாக மாற்றுவதால் பூச்சு மெல்ல இளகும். பின்னர் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே சுரண்ட வேண்டும். குறுக்கே சுரண்டினால் நார் கிழியும். ஒரே முறையில் நீங்காவிடின், மீண்டும் தடவுவதே முறை. கையின் வலிமையைக் காட்டுவது முறையன்று.

உலர்ந்த பூச்சை அரத்தாளால் தேய்ப்பதும், தீயினால் எரித்து உரிப்பதும் ஆகா. பழைய எண்ணெய்ப் பூச்சுகள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. இலங்கையில் பூச்சுகளின் ஈய அளவுக்கு எல்லை வகுத்த விதி நடைமுறைக்கு வந்தது 2013ஆம் ஆண்டிலேதான். தேய்க்கும்போது எழும் தூசு முற்றத்து மணலிற் படியும். அங்கே விளையாடும் குழந்தையின் கைவழியே வாயைச் சேரும். ஈயம் வளரும் மூளையைத் தாக்கும் நஞ்சு. தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே, பலகையை ஈரமாக வைத்தே சுரண்டி, கீழே விரித்த தாளில் விழும் கழிவைப் பையிலிட்டுக் கட்டி அகற்ற வேண்டும். மீனும் இறாலும் வாழும் வாவியில் அதனைக் கொட்டுதல் தகாது.

இறுதியாக, பலகையை நன்னீரால் பலமுறை கழுவி நிழலிற் பல நாள் உலர்த்துக. அதன்மீது சில துளி நீர் தெளித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். நீரை மரம் உறிஞ்சினால் பழம்பூச்சு நீங்கிற்று. துளி முத்தாக நின்றால் வேலை இன்னும் முடியவில்லை. பதறாத காரியம் சிதறாது என்பர். புதுப்பூச்சுப் பூச ஒரு நாள் போதும். பழம்பூச்சு நீங்கப் பல நாள் சென்றாலும், அந்த நாட்களே தோணியைக் காப்பவை.