எலுமிச்சைக் கன்றும் உப்புத் தண்ணீரும்

குற்றாலத்து அடிவாரத்தில், அரசு தோட்டக்கலைப் பண்ணையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் மலைத் தண்ணீரில் வளர்கின்றன. அதே தென்காசி மாவட்டத்தில், உப்பேறிய போர்வெல் தண்ணீரை நம்பி எலுமிச்சை வைத்தவர்கள் பாடு வேறு. கொய்யாவும் சப்போட்டாவும் ஓரளவு உப்பைத் தாங்கும். எலுமிச்சைக்கு உப்பு ஆகவே ஆகாது. அதிலும் இரண்டு மூன்று வயதுக் கன்று மிகவும் திணறும்.

தண்ணீரில் சோடியம் மிகுந்தால் வேர் சாம்பல் சத்தை எடுக்கத் தடுமாறும். குளோரைடு மிகுந்தால் தழைச்சத்து உள்ளே போவது குறையும். மண்ணில் சத்து இருந்தும் கன்று பட்டினி கிடக்கும். இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: முற்றிய இலையின் நுனி கருகியிருந்தால் உப்பைச் சந்தேகிக்க வேண்டும். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது சகஜம்.

கன்று வெளுத்ததும் இன்னும் ஒரு கை உரம் போடுகிறோமே, அந்தப் பழக்கம் தவறு என்றே சொல்வேன். உரமும் உப்புதான். வழக்கமாகப் போடும் பொட்டாஷ் உரத்தில் ஏறக்குறைய பாதி குளோரைடு. உப்புத் தண்ணீர் பாயும் தோட்டத்துக்கு சல்பேட் வகைப் பொட்டாஷே நல்லது, விலை கூடுதல் என்றாலும்.

குளத்துத் தண்ணீர் வரும் காலத்தில் வட்டப்பாத்தி நிறையப் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே இறக்கும் பழைய வழக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். செலவில்லாத வைத்தியம். ஆனால் வடிகால் வேண்டும். நீர் தேங்கினால் எலுமிச்சை வேர் அழுகிவிடும். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு மருந்து. வெறும் உவர் நிலத்துக்கு அது வீண்செலவு.

சொட்டுநீர் போட்டவர்களுக்கு ஒன்று. ஈர வட்டத்தின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும். லேசான சாரல் அதைக் கரைத்து வேர்ப்பக்கமே தள்ளும். அதனால் சாரல் விழுகிறதென்று மோட்டாரை நிறுத்தாதீர்கள். நல்ல மழை பெய்த பிறகு நிறுத்தலாம்.

கன்று வாங்குமுன் மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். முடிவு வந்தபின் குழி வெட்டுங்கள்.